காட்டுப்பள்ளியிலிருந்து வராத வண்டி

எங்கள் தெருவில் கடையில் முழு விலை கொடுத்து ஒரு சாமான் வாங்கினேன் என்று சொல்பவனைப் பாவமாகப் பார்ப்பார்கள். ராயபுரத்து ஹார்பர் குடும்பங்களின் பவுசு அது. "கப்பல்ல வந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஒழுகுகிற ஃபிளாஸ்க்கையும் விரியாத குடையையும் ஷோகேஸில் ஏற்றி வைத்து விடுவார்கள். எங்கள் வீட்டிலும் மாதா படத்துக்குக் கீழே ஒரு வெளிநாட்டு சென்ட் பாட்டில் வருஷக்கணக்காக நிற்கிறது. உள்ளே சென்ட் கிடையாது. வாசனைகூடப் போய்விட்டது. அதற்குத் தூசி தட்டுவது என் வேலை.

இந்தப் பவுசுக்கெல்லாம் பெரியதனம் என் வீட்டுக்காரர். ஹார்பரில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைப் பக்கத்தில் நின்று எண்ணி எழுதுகிற வேலை. வெயிலில் நின்று யோக்கியமாகச் செய்தார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்புக்குக் கிடைத்த ஓய்வு வாய்க்குக் கிடைக்கவில்லை. காலையில் டீக்கடை பெஞ்சில் பழைய ஹார்பர் ஆட்கள் கூடுவார்கள். இவர்கள் வெளியே வந்ததிலிருந்து துறைமுகமே தள்ளாடிக்கொண்டிருப்பது மாதிரி ஒரு பேச்சு நடக்கும். ஆன்லைனில் வாங்குகிறவர்களைப் பற்றி இவர் ஒரே தீர்ப்புதான் வைத்திருந்தார்.

"கண்ல பாக்காத பொருளுக்கு துட்டு கட்றவன் கேனப்பையன்யா."

எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை செருப்பு வரவழைத்து, இரண்டும் இடது காலுக்கே வந்துவிட்டது. அதை இவர் பெஞ்சில் நடித்துக் காட்டினார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கடைக்காரனோடு பேசி, படம் எடுத்து அனுப்பி, சரியான ஜோடியை வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்ததை மட்டும் பெஞ்சு கவனிக்கவில்லை.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். ஒரு அட்டை மாத்திரை என்றாலும் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். வீட்டில் அதற்குப் பெயர் சந்தேக வியாதி.

என் அக்கா திருவொற்றியூரில் மீன் விற்கிறவள். புருஷன் போனபிறகு அவளுக்குச் சோறு போட்டதும் மீன்தான், நாலு பேர் நடுவில் நிமிர்ந்து பேச வைத்ததும் மீன்தான். விடியும்போது காசிமேட்டு ஏலத்தில் நிற்பாள். வெயில் ஏறும்போது மார்க்கெட்டில் தன் இடத்தில் இருப்பாள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்களை எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு முட்டி தேய்ந்துபோயிற்று. கூடை தூக்கக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோவில் காலை எடுத்து வைக்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது.

அந்த மார்க்கெட்டில் இடத்துக்குப் பத்திரம் எதுவும் கிடையாது. மீன் வைக்கிற பலகைதான் பத்திரம். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் பலகையை அவள் இடத்திலேயே கவிழ்த்துப் போட்டு, அக்கம்பக்கத்தில் உட்காருகிறவர்கள் காவல் இருப்பார்கள். வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிட முடியாது, கிழித்துத் தொங்க விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் காவலுக்கும் ஒரு கெடு உண்டு. அக்காவுக்குச் சொன்ன கெடு சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் கறியை நிறுத்துகிற வீடெல்லாம் மீனுக்கு வரும். அந்தக் கூட்டத்தில் ஒரு காலி இடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எவளுக்கும் மனசு வராது. அதில் தப்பும் கிடையாது. சாம்பல் புதனுக்குள் அக்கா போய் அந்தப் பலகையை நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் இடம் போச்சு.

அதற்கு அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். முன்னால் கூடை வைக்க வசதியுள்ள, உட்கார்ந்தபடியே ஓட்டுகிற மூன்று சக்கர பேட்டரி வண்டி. புளியந்தோப்பில் பழையது ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தேன். சீட் கிழிந்திருந்தது, பெயிண்ட் உரிந்திருந்தது, வண்டி ஓடியது. நானே உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினேன். வந்து சொன்னதும் இவர் மூஞ்சியைச் சுளித்தார்.

"அய்ய! எவனோ ஓட்டிப் போட்ட கலீஜு வண்டி. அக்காவுக்கு அதான் தலையெய்த்தா? ஹார்பர் சரக்கு நான் புச்சாவே எடுத்துத் தரேன்."

அந்த வாரமே அவர் போனில் அந்த விளம்பரம் வந்து விழுந்தது. கஸ்டம்ஸில் யாரும் கேட்டு வராமல் தேங்கிப்போன கண்டெய்னர் சரக்காம். காட்டுப்பள்ளித் துறைமுகத்து குடோனிலிருந்து நேரடி விற்பனையாம். ஏசி, ஃபிரிட்ஜ், பேட்டரி வண்டி எல்லாம் பாதி விலைக்கும் கீழே. மேலே ஒரு கடிகாரம் வேறு, சீக்கிரம் வாங்காவிட்டால் முடிந்துவிடும் என்று குறைந்துகொண்டே ஓடியது. அந்த விளம்பரத்தை மறுநாள் திறந்து பார்த்தேன், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஃபேனுக்குக் கீழே குந்திக்கொண்டிருந்த ஒரு பொறுக்கி, வடசென்னைக்காரனுக்கு எந்த இரை போட்டால் கவ்வுவான் என்று நிதானமாக யோசித்திருக்கிறான். பட்டுப்புடவை என்று போட்டிருந்தால் என் வீட்டுக்காரர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். கண்டெய்னர் என்று போட்டான்.

விளம்பரத்தில் ஒரு படம் இருந்தது. கதவு திறந்த ஒரு கண்டெய்னர், உள்ளே அட்டைப் பெட்டிகள். இவர் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, கதவில் இருந்த எண்ணைச் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக்கொண்டார். கண்டெய்னருக்கு நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உண்டு. முன்னால் இருப்பதையெல்லாம் ஒரு கணக்குப்படி பெருக்கி, கூட்டி, வகுத்தால் கடைசி இலக்கம் வர வேண்டும். கற்பனையாக எழுதிய எண் என்றால் பெரும்பாலும் அங்கேயே பல்லிளித்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கணக்குப் போட்டார். சரியாக வந்தது.

"பாத்தியா! மெய்யாலுமே ஒரிஜினல் பாக்ஸு. டுபாகூருக்கு இந்தக் கணக்குல்லாம் தெரியுமா?"

"பாக்ஸு ஒரிஜினல்தான்யா, யாரு இல்லன்னா? பாக்ஸா உன்னாண்ட துட்டு கேக்குது? கேக்கறவன் எவன்னு பாரு. எண்ணூர் ரோட்ல வரிசையா லாரி நின்னுகினு கீது, போறவன் வர்றவன்லாம் போட்டோ புடிக்கலாம்."

"உனுக்கு இன்னா தெரியும் ஹார்பர பத்தி?"

ஹார்பரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடையைப் பற்றித் தெரியும். போனை வாங்கி உட்கார்ந்து அந்தக் கடையின் பக்கத்தைக் கீழேவரை படித்தேன். விலாசம் என்று போட்டிருந்த இடத்தில் துறைமுகம் அருகில் என்று இருந்தது, கதவு எண் கிடையாது, தெரு கிடையாது. கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் பதில். வாங்கியவர்கள் எழுதிய பாராட்டெல்லாம் ஒரே வாய் பேசியது மாதிரி இருந்தது, ஒரே வாரத்தில் வந்து குவிந்திருந்தது. ஒருத்தர்கூட குறை சொல்லவில்லை. கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கே உப்பு பத்தலை என்று ஒரு கூட்டம் கிளம்புகிற ஊர் இது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் விதிகளைத் திறந்தேன். துவைத்த துணியை எடுத்துக்கொள்ள மாட்டோம், ரவிக்கைத் துணியை வெட்டியிருந்தால் பணம் கிடையாது என்று எழுதியிருந்தது. எவனோ ஒரு துணிக்கடையிலிருந்து அப்படியே வழித்து எடுத்து ஒட்டியிருக்கிறான். அதைப் படித்துப் பார்த்து மாற்றக்கூட அந்தச் சோமாறிக்கு வலித்திருக்கிறது. நம்மை ஏமாற்ற அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்று அவன் முடிவு செய்திருந்ததுதான் எனக்கு ரொம்ப எரிந்தது.

இவரிடம் அதைக் காட்டினேன். "ரவிக்கத் துணிய வெட்டாம வெச்சிக்கோ, பேட்டரி வண்டி வாபஸ் வாங்கிப்பான்" என்றேன்.

"எவனோ டைப் அடிக்கறப்ப மாத்தி அடிச்சிருப்பான். மேல பூட்டு படம் கீது பாரு, சேஃப்டி."

"திருடன் மட்டும் அவன் வூட்ட தொறந்தா போட்டுட்டுப் போவான்? அவனும் பூட்டுதான் போடுவான்."

பணம் கட்டும் விதம்தான் எல்லாவற்றுக்கும் மேல். வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுக்கிறோம் என்றால் முடியாது. கார்டு வேண்டாம். ஒரு சதுரப் படத்தை ஸ்கேன் செய்து முழுப் பணத்தையும் முன்னாலேயே போட வேண்டும். ஸ்கேன் செய்தால் கடையின் பெயர் வரவில்லை, ஒரு தனிப் பொம்பளை பெயர் வந்தது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிற பொம்பளையாக இருக்கும் என்றார்.  இதே மனிதர் ஹார்பரில் கையெழுத்து ஒன்று மாறியிருந்தால் ஒரு மூட்டையை வெளியே விட்டிருக்க மாட்டார்.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது.

"நீ சொம்மா கெட. மாத்திர விக்கறவளுக்கு இன்னா தெரியும்? அவரு ஹார்பர்லயே பொயங்குனவரு. நீ போடு தம்பி" என்று இவர் பக்கம் திரும்பினாள்.

தம்பி போட்டார்.

நான்கைந்து நாள் போனது. வண்டி எப்போது வரும் என்று அக்கா கேட்டபோது, இவர் போனை என்னிடமிருந்து வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"கப்பலு வெளில நிக்குதுக்கா. பெர்த்து கெடைக்கல. கெடச்சா ஒரே நாள்ல எறக்கிடுவான்."

துறைமுகத்துக்குள் நுழைய இடம் இல்லாத கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். திருவொற்றியூர்க் கரையிலிருந்து பார்த்தால் தெரியும். அக்கா தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கடல் பக்கம் போய், கல்லின் மேல் உட்கார்ந்து அந்தக் கப்பல்களைப் பார்த்தாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்வாள்.

"ரெண்டு நிக்குதுடி. ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். நம்ப வண்டி எதுல கீதாம்? அவர கேளேன்."

கேட்டேன். "நீலத்துல" என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்துப் பலகைக்காரிகளிடம் அக்கா தவணை கேட்டிருந்தாள். "கப்பல் வந்து நிக்குது, தெனம் என் கண்ணால பாத்துகினு கீறேன், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாளாம். அவள் வார்த்தைக்கு அங்கே மரியாதை உண்டு. பொறுத்தார்கள்.

அதற்கடுத்த வாரம், கடையில் வந்திறங்கிய மருந்துப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சுருக்கென்று பட்டது. விளம்பரத்தில் இருந்த கண்டெய்னர் தரையில் அல்லவா நின்றது? கதவு திறந்து, பெட்டி தெரிய, குடோனில் நிற்கிறதாக அல்லவா போட்டிருந்தான்? தரைக்கு வந்துவிட்ட சரக்கு மறுபடி எப்படிக் கடலில் போய் நிற்கும்? எனக்கு ஹார்பரைப் பற்றித் தெரியாதுதான். இதற்கு ஹார்பர் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். முதலில் உதார் விட்டார். டிரான்ஸ்ஷிப்மெண்ட் என்றார், இன்னும் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். "யோவ், மாதா சத்தியமா சொல்லு" என்றேன். அப்போதுதான் தலை குனிந்தது.

பணம் போட்ட மறுநாளே கிளியரன்ஸ் சார்ஜ் என்று இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறார்கள். இவர் தன் அனுபவத்தைக் காட்டி டெலிவரி ஆர்டர் நம்பர் கேட்டிருக்கிறார். அந்த நம்பர் இல்லாமல் எந்தச் சரக்கும் வெளியே வராதாம். உடனே இவரை பிளாக் செய்துவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் கடையே காணோம். அத்தனை நாளும் இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு நீலத்துல என்றார்.

"ஏன்யா சொல்லல?"

"ஹார்பர்காரனுக்கே ஹார்பர் பேர சொல்லி நாமம் போட்டுட்டான்னு தெரிஞ்சா... டீக்கடையில எப்டி தல காட்டுவேன்?"

தூ! எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திருடன் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்துவிட்டது. அவனுக்குத் தொழில் அது. இவருக்கு டீக்கடை பெஞ்சில் அரையடி இடம் பறிபோய்விடக் கூடாது, அதற்காக என் அக்காவின் இடம் போகலாம்.

சட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லி, கையோடு இழுத்துப்போய் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வைத்தேன். அங்கே இருந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, தேதியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லிருந்தா பேங்க்ல பேசி பணத்த நிறுத்தப் பாத்திருக்கலாம்மா. இப்ப அது எத்தன கை மாறிருக்குமோ. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்."

திரும்பும் வழியில் டீக்கடை வந்தது. இவர் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போகப் பார்த்தார். நான் விடவில்லை. பெஞ்சுக்கு முன்னால் நின்று, கடையின் பெயர், படம், ரவிக்கைத் துணி, எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனுஷர் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனுக்கும் அதே கடதாம்மா. ஏசி மிஷினு."

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்னாடி."

என் வீட்டுக்காரர் பணம் போட்டது பொங்கலுக்குப் பிறகு. போடுவதற்கு முந்தின நாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து, கண்டெய்னர் எண்ணைத் தான் கணக்குப் போட்டுப் பிடித்த கதையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் குந்திக்கொண்டு இந்தக் கிரேன்காரர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நீ இன்னாய்யா சொன்ன அப்ப?" என்று அவரையே கேட்டேன்.

"நல்ல சரக்கா இருந்தா எட்த்துடு மாமுன்னு சொன்னேன்."

இன்னொருத்தர் காசை வைத்துவிட்டு மெதுவாக நழுவினார். அவருக்கு என்ன வராமல் போனதோ, நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஊர் உலகத்துக்கே புத்தி சொன்ன பெஞ்சு அது. ஒருத்தன் ஒரு வார்த்தை, 'நான் ஏமாந்துட்டேன், நீ ஏமாறாத' என்று சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு அங்கே ஒரு ஆம்பளை இல்லை.

இப்போது நான் எந்தக் கடையைப் பார்த்தாலும் பொருளைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். திரும்ப எடுக்கும் விதிகளை முதலில் படிக்கிறேன். கடையின் பெயரோடு ஏமாற்று என்று சேர்த்துத் தேடுகிறேன். போனைப் போட்டு ஒரு மனுஷக் குரல் வருகிறதா என்று பார்க்கிறேன். வந்த பிறகு பணம் என்றால் சரி, முன்னால் முழுசும் ஒரு ஆள் பேருக்கு என்றால் மூடிவிடுகிறேன். மருந்துக்கடையில் நிற்கிறபோது வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும்.

அக்காவிடம் சொல்ல அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். நான் சொல்ல மாட்டேன் என்றேன், அவரே சொல்லட்டும் என்று பின்னால் நின்றேன். அவர் வாசற்படியிலேயே நின்று சொன்னார். அக்கா அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். திட்டுவாள், அவள் வாய்க்கு ஊரே பயப்படும், வாரி விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உனுக்கு எப்ப தெரியும்?"

"மறுநாளே தெரியும்க்கா."

"அப்பவே சொல்லிருந்தா, நான் தவய்ந்தாவது போயி என் பலகையாண்ட குந்திருப்பேனே தம்பி. கப்பல பாத்துகினு குந்திருந்தேனே."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"துட்ட எட்த்தவன் மூஞ்ச நான் பாத்ததே இல்ல. அவன இன்னான்னு திட்றது?" என்றாள்.  இரண்டு தட்டு எடுத்துச் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றினாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.  ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

"மீனு ஃபிரஷ்ஷா கீதுக்கா. எங்க வாங்குன?"

"என் எடத்துலதான்" என்றாள் அக்கா. "இப்ப அங்க ஒருத்தி குந்திகினு கீறா. அவளாண்ட துட்டு குட்த்து வாங்கினு வந்தேன்."